டவர் லைனும் செல்போனும்: மின்காந்தப் புலம் உடலை என்ன செய்கிறது?

நெய்வேலி அனல்மின் நிலையங்களிலிருந்து புறப்படும் உயர் அழுத்த மின்தடங்கள் கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளுக்கும் கரும்பு வயல்களுக்கும் மேலாகச் செல்கின்றன. மார்கழிப் பனியில் 400 கிலோவோல்ட் கம்பிகளின் கீழ் நின்றால் விடாத இரைச்சல் கேட்கும். கழற்றிய டியூப்லைட் ஒன்றை அங்கே நிமிர்த்திப் பிடித்தால், எந்த இணைப்பும் இல்லாமலே அது மங்கலாக ஒளிரும் (யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்). இதை அறிந்த ஒருவர், "விளக்கையே எரிய வைப்பது என் உடம்பை ஒன்றும் செய்யாதா?" என்று கேட்டால், அது முற்றிலும் நியாயமான கேள்வி.

அந்தக் கம்பியைச் சுற்றி இரண்டு புலங்கள் உள்ளன. மின்னழுத்தத்தால் உண்டாவது மின்புலம். டியூப்லைட்டை ஒளிரச் செய்வது அதுதான். மரமும் வீட்டுச் சுவரும் அதைப் பெருமளவு தடுத்துவிடும். மின்னோட்டத்தால் உண்டாவது காந்தப்புலம். அது சுவரையும் உடலையும் ஊடுருவும் என்றாலும், தொலைவு கூடக்கூட விரைவாகத் தேய்ந்துவிடும். கம்பிகளுக்கு நேர் கீழே சில பத்து மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை இருக்கக்கூடிய இப்புலம், 50 முதல் 100 மீட்டர் தள்ளிப் போனதும் சாதாரண வீடுகளில் உள்ள அளவுக்கு இறங்கிவிடுகிறது. தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்: 3 செ.மீ. தொலைவில் அதன் காந்தப்புலம் 2000 மைக்ரோடெஸ்லாவைக்கூடத் தொடலாம். ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 0.3ஐத் தாண்டுவதில்லை.

நொடிக்கு 100 முறை திசை மாறும் இப்புலம் உடலுக்குள் மெல்லிய மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை நரம்பையும் தசையையும் கிளர்த்த வேண்டுமானால், அன்றாடம் நாம் சந்திப்பதைவிடப் பன்மடங்கு வலிமையான புலம் தேவை. அந்த நிலையிலிருந்து நெடுந்தூரம் கீழிறங்கியே, பொதுமக்களுக்கான உச்சவரம்பை 200 மைக்ரோடெஸ்லா என்று பன்னாட்டு வழிகாட்டுதல் 2010இல் வகுத்தது.

இருந்தாலும், இத்துறையில் முடிவு கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2000ஆம் ஆண்டில் அலசியபோது, சராசரியாக 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்ட காந்தப்புலத்தில் வாழ்ந்த குழந்தைகளிடையே ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரு மடங்காகத் தென்பட்டது. அந்த அளவுக்கு ஆட்படும் குழந்தைகள் மிகச் சிலரே என்பதால் தற்செயலுக்கும் இடமுண்டு. விலங்குச் சோதனைகளும் இத்தொடர்பை உறுதிசெய்யவில்லை. ஆகவேதான் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இதை, 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. காரணம் மெய்ப்பிக்கப்படவில்லை, ஐயமும் நீங்கவில்லை என்பதே அதன் பொருள். ஆகவே, குழந்தையின் கட்டிலை மீட்டர் பலகை உள்ள சுவரிலிருந்து தள்ளிப் போடுவதை நான் பரிந்துரைப்பேன். அதற்குச் செலவு ஏதுமில்லை.

செல்போன் அலைகள் வேறு வகை. வேதிப் பிணைப்பை உடைத்து மரபணுவைச் சிதைக்க, புற ஊதாக் கதிரின் துகளுக்கு உள்ளது போன்ற ஆற்றல் வேண்டும்; செல்போன் அலையின் துகளுக்கு அதில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கே உள்ளது. எக்ஸ் கதிரோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாததற்குக் காரணம் இதுதான். உறுதியாக நிறுவப்பட்ட விளைவு, திசு சற்றே சூடாவது மட்டும். இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகளுக்கு, உடல் திசு உறிஞ்சும் அலை ஆற்றலில், ஒரு கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு உள்ளது. *#07# என்று அழுத்தினால் உங்கள் கைப்பேசியின் அளவைப் பார்க்கலாம்.

புதுச்சேரியின் முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு போன்ற நெருக்கமான பகுதிகளில், மாடியில் நிற்கும் செல்போன் டவரைப் பார்த்தே மக்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் டவரின் ஆன்டெனா அலைகளைப் பெரும்பாலும் பக்கவாட்டில் வீசுகிறது; நேர் கீழே உள்ள வீட்டுக்குக் கிடைப்பது குறைவு, அதே உயரத்தில் எதிரே உள்ள மாடிக்குத்தான் அதிகம். அங்கும் தொலைவுக்கேற்ப அது தேய்கிறது. 2012 செப்டம்பர் முதல் இந்தியா டவர்களுக்கான வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தும்விட்டது.

நம் தலைக்குள் கூடுதலாகச் செல்வது, காதோடு ஒட்டியிருக்கும் கருவியின் அலையே. சிக்னல் நன்றாக இருந்தால் 4ஜி கைப்பேசி தன் உச்சத் திறனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிக்கொள்ளும். தேவனாம்பட்டினத்திலிருந்து படகேறியவரின் கைப்பேசியோ, கரை தள்ளிப்போகப் போக, டவரை எட்டுவதற்காகத் தன் திறனை உயர்த்திக்கொண்டே இருக்கும். தெருவில் டவர் வேண்டாம் என்று போராடி வெல்பவர்கள், அதனாலேயே தங்கள் காதருகே அலையைக் கூட்டிக்கொள்ள நேரிடலாம் என்பது இங்கே சொல்லியாக வேண்டிய உண்மை.

செல்போன் பயன்படுத்தும் ரேடியோ அலைகளும் 2011இல் அதே 2பி பிரிவில் சேர்க்கப்பட்டன. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 2024இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காணவில்லை. சிக்னல் குறைவான இடத்தில் நீண்ட நேரம் பேசுவோர் இயர்போனோ ஸ்பீக்கரோ பயன்படுத்தினால், தலைக்குச் செல்வது பெரிதும் குறைந்துவிடும். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) பொருத்திக்கொண்டவர்கள் மட்டும் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்காமல், அக்கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைத்து, மறுபக்கக் காதில் பேச வேண்டும்.