பிளின்ட்லாக்: பூட்டா, பொறியா?

'பிளின்ட்' தீக்கல், 'லாக்' பூட்டு. சேர்த்துத் 'தீக்கல் பூட்டு' என்று எழுதினால் கதவுப் பூட்டுதான் கண்முன் வரும். பழைய துப்பாக்கியின் பக்கத் தகட்டில் குதிரை (கல்லைக் கவ்வி அடிக்கும் கை), வில், எஃகு முகம் (கல் மோதும் தகடு), வெடிமருந்துக் கிண்ணம் எல்லாம் சேர்ந்து இயங்கும் தொகுதிக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை.

தீக்கல்லுக்கு நாம் சொல்லும் சக்கிமுக்கியும் இரவல்தான். துருக்கி மொழியின் 'சக்மாக்' உருது வழியே வந்தது. தட்டித் தீ எழுப்புவது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களின் 'ஃபியூசி' முதலில் தீ தட்டும் எஃகைக் குறித்தது. ஆங்கிலம் கல்லைப் பிடித்துக்கொண்டது, துருக்கி தட்டலை, பிரெஞ்சு எஃகை.

பிரெஞ்சு பார்வைதான் வேலைக்கு உதவும். பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல்லின் கூர் எஃகைச் சுரண்ட, அந்தத் துகள்கள் காற்றில் எரிகின்றன. வீட்டில் பிளின்ட்லாக்கைச் சரிசெய்பவர்கள் பொறி குறைந்தால் உடனே கல்லை மாற்றுகிறார்கள். முதலில் எஃகு முகத்தைப் பாருங்கள். ஆழமாகக் கீறியிருந்தால் எஃகு மென்மை: காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, வெளிர் மஞ்சள் ஏறும்வரை (சுமார் 200 டிகிரி செல்சியஸ்) மறுபடி சூடாக்க வேண்டும். சாதா இரும்பு இதற்குக் கடினப்படாது. கரிமம் மிகுந்த எஃகு வேண்டும். கீறலே விழாமல் கல் வழுக்கினால், மிகக் கடினம். மறுசூட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

எஃகு சரியென்றால் அடுத்தது கல். கூர் முழு அகலத்திலும் எஃகு முகத்தைத் தொட வேண்டும், முகத்தின் மேல் பாகத்தில் படவேண்டும். தோலில் சுற்றி இறுக்கினால் நழுவாது. எஃகைத் தாங்கும் வில் மிக விறைப்பானால் கூர் சீக்கிரம் உடைந்துபோகும். மருந்தில்லாமல், குழலில் பொருத்தாமல், இருட்டில் தட்டிப் பாருங்கள்: பொறிகள் கிண்ணத்துக்குள் விழவேண்டும், வெளியே சிதறக் கூடாது. பாதி ஏற்றிய குதிரையைப் பிடித்திருக்கும் வெட்டுப்பள்ளத்தை மட்டும் அரத்தால் தொடாதீர்கள். அது தேய்ந்தால் குதிரை தானாக விழும்.

இனி தமிழ்ச் சொல். தமிழில் 'பொறி' இயந்திரம், அதுவே தீத்துளி. இந்தக் கருவியோ இயந்திரத்தால் தீத்துளி எழுப்புவது. ஆகவே தீக்கற்பொறி. திரியால் பற்றவைக்கும் மூத்த வகையைத் திரிப்பொறி என்றும், சக்கரம் சுழன்று உரசுவதைச் சக்கரப்பொறி என்றும் சொல்லிவிடலாம்.