செல்ஃப் அடிக்கும்போதே புகை வந்ததா?

ஊட்டிக்கு அருகே கேத்தி பாலாடாவில் டிசம்பர் மாதத்து விடியற்காலை, மணி ஐந்து. கேரட் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டிய பழைய டீசல் பிக்கப் ஒன்று கிளம்ப மறுத்தது. செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றியது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை குப்குப்பென்று வந்தது. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. நான்காவது முறை பிடித்தபோது வண்டியே உதறியது. இரண்டு நிமிடம் கண்ணை எரிக்கும் புகையைக் கக்கிய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் சீராக ஓடியது.

"டீசலைத் தூவும் நாசில் நாலையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள் அண்ணே" என்றார் ஓட்டுநர், பக்கத்துப் பட்டறைக்காரரிடம். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. "என்ஜின் பிடிப்பதற்கு முன்னால், செல்ஃப் அடிக்கும்போதே புகை வந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

புகையின் நிறத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அது எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் பாதிக் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

டீசல் என்ஜினில் தீப்பொறிக்கு வேலையில்லை. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய என்ஜினுக்கும் இந்த பிக்கப்புக்கும் அடிப்படை ஒன்றுதான்: காற்றை அடைத்து நெருக்கு, அது சூடேறும், அந்தச் சூட்டில் டீசலைத் தூவு, தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே சூடுதான். 27 டிகிரி செல்சியஸ் காற்றை 18 மடங்கு நெருக்கினால், ஏட்டுக் கணக்குப்படி அது 680 டிகிரியை எட்டும்.

ஆனால் ஏட்டுக் கணக்கில் கசிவு கிடையாது. நிஜ என்ஜினில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஓரமாகக் காற்று நழுவுகிறது. இரவெல்லாம் பனியில் கிடந்த இரும்பு, உண்டாகும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. 5 டிகிரி காலையில் 400 டிகிரியைத் தொடுவதே பெரும்பாடாகிவிடலாம். போதாததற்கு உயரம் வேறு: ஊட்டி இருக்கும் 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். பேட்டரி தளர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், காற்று கசியவும் ஆறவும் இன்னும் நேரம் கிடைக்கிறது. இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் ஹீட்டர் பிளக். சுண்டுவிரலைவிட மெல்லிய அந்தக் கம்பியின் நுனி சில வினாடிகளில் 850 டிகிரிக்கு மேல் பழுத்து, தூவப்படும் டீசலுக்குத் தீ மூட்டிக் கொடுக்கிறது.

இப்போது பட்டறைக்காரரின் கேள்விக்கு வருவோம். செல்ஃப் அடிக்கும்போது வரும் வெள்ளைப் புகை, பற்றாமல் ஆவியாகி வெளியேறும் டீசல். அதாவது டீசல் உள்ளே போகிறது, சூடுதான் போதவில்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் (காற்று நெருக்கப்படும் அளவு), பேட்டரி என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

ஒரு துளிப் புகையும் வராமல் செல்ஃப் மட்டும் சுற்றினால் டீசலே போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் டீசல் பல வண்டிகளில் உறிஞ்சி இழுக்கப்படுகிறது. அதில் ஊசிமுனைத் துளை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே நுழையும். இரவு முழுவதும் நிற்கும் வண்டியில் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். அதனால்தான் டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தினால் கிளம்பும் வண்டி, காலையில் கிளம்புவதில்லை. பில்டருக்கும் பம்புக்கும் நடுவே தற்காலிகமாக உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் போட்டு என்ஜினை ஓட்டிப் பார்த்தால், குமிழிகள் ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயில், அதாவது ரெயிலில், டீசலை உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும் காமன் ரெயில் வண்டியில் இன்னொரு சாத்தியமும் உண்டு. ரெயிலில் போதிய அழுத்தம், வழக்கமாக 200 பாரை (கடலோரக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு) ஒட்டி, ஏறும்வரை கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்காது. தேய்ந்த நாசில் டீசலைத் திரும்பிப் போகும் குழாய் வழியே விட்டுவிட்டால் அந்த அழுத்தம் ஏறாது. சூடான என்ஜினில் டீசல் இன்னும் நீர்த்துக் கசிவு கூடுவதால், இத்தகைய வண்டி காலையில் கிளம்பி மதியம் மக்கர் செய்யும்.

மற்ற நிறங்களுக்கும் இதே விதிதான். காலையில் ஒருமுறை நீலமாக ஊதிவிட்டு நின்றுவிட்டால், இரவில் வால்வ் சீல் வழியே இறங்கிய ஆயில். ஏற்றத்தில் நீலம் விடாமல் வந்தால் ரிங் அல்லது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ. ஆயிலின் துளிகள் மிக நுண்ணியவை. வானத்தைப் போலவே நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. டீசல் ஆவி குளிர்ந்து உண்டாகும் துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடிப்பதால் வெண்மை. கருப்பு என்பது காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்த கரி. முதலில் ஏர் பில்டரைக் கழற்றிப் பாருங்கள், பிறகு டர்போ குழாயில் விரிசல் இருக்கிறதா என்று. என்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்து, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டும் குறைந்துகொண்டே போனால், அது சிலிண்டருக்குள் கசியாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

குளிர் ஊர்களில் ஒரு பழக்கத்தைக் கண்டு நான் பயப்படுகிறேன். ஏர் பில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைப் பிடித்து வண்டியைக் கிளப்புவது. பெட்ரோல் ஆவி, பழுத்துக் கிடக்கும் ஹீட்டர் பிளக்கில் பட்டால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள்ளேயே வெடிக்கும். பிஸ்டன் உடையும், தீ வெளியே பாய்ந்தால் துணியைப் பிடித்திருப்பவரின் முகம் வெந்துபோகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அன்று மாலை லோடு இறக்கிவிட்டு வண்டி திரும்பி வந்தது. பட்டறைக்காரர் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் இணைக்கும் தகட்டைக் கழற்றினார். மல்டிமீட்டரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தார். முதலாவதும் நான்காவதும் ஒரு ஓமுக்குக் கீழே காட்டின, அவை நல்லவை. நடுவில் இருந்த இரண்டிலும் மீட்டர் அசையவே இல்லை, உள்கம்பி அறுந்திருந்தது. என்ஜின் வெதுவெதுப்பாக இருந்தபோதே, துருநீக்கி எண்ணெய் விட்டு, ஸ்பேனரை முன்னும் பின்னுமாகக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினார். அவசரப்பட்டால் பிளக் பாதியில் முறிந்து ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். அரைமணி நேரம் கழித்து இரண்டும் வெளியே வந்தன. ஒன்றின் நுனி கருகி வீங்கியிருந்தது. இரண்டு புதிய பிளக்குகளின் விலை, நான்கு நாசில்களின் விலையில் சிறு பங்குதான்.

மறுநாள் அதே ஐந்து மணிக்கு ஓட்டுநர் சாவியை ஒரு படி திருப்பி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்தார். செல்ஃப் இரண்டு சுற்றுச் சுற்றியதும் என்ஜின் பிடித்தது. ஊதுபத்திப் புகையளவு ஓர் இழை வெள்ளையாக எழுந்து பனியோடு கலந்தது.