ஒற்றைப் பின்னூட்டத்தை நட்பென்று நம்பும்போது

மேட் ஸ்பைசர் இயக்கி 2017இல் வெளிவந்த 'இங்க்ரிட் கோஸ் வெஸ்ட்' என்ற அமெரிக்கப் படத்தைக் கறுப்பு நகைச்சுவை, அதாவது துயரமான விஷயங்களையும் சிரிப்பாக்கும் படம், என்று வகைப்படுத்துகிறார்கள். அழைக்கப்படாத திருமணத்துக்குள் நுழைந்து, மணப்பெண்ணின் முகத்தில் மிளகு ஸ்பிரே அடிக்கிறாள் இங்க்ரிட். அந்த மணப்பெண் அவளுடைய தோழியே அல்ல, இன்ஸ்டாகிராமில் அவளுடைய பதிவொன்றுக்கு எப்போதோ பின்னூட்டம் இட்டவர் மட்டுமே என்பது பின்னால் தெரியவருகிறது. மனநல ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

திரையில் தோன்றுபவரிடம் பார்வையாளர் கொள்ளும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் 1956இலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அன்றைய தொலைக்காட்சி ஒருபோதும் பதில் பேசியதில்லை; இன்றைய சமூக ஊடகமோ எப்போதாவது ஒருமுறை பதில் தருகிறது, அது எப்போது வரும் என்பதும் தெரியாது. இப்படி ஒழுங்கின்றிக் கிடைக்கும் வெகுமதிதான் ஒரு பழக்கத்தை மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ள வைக்கும்.

என்னிடம் வந்த ஓர் இளைஞர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்), தாம் பின்தொடரும் புகைப்படக்காரர் ஒருவர் எழுதிய 'நன்றி நண்பா' என்ற பதிலைத் திரைப்பிடிப்பு எடுத்துத் தனிக் கோப்புறையில் வைத்திருந்தார். அதன்பின் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. 'பார்த்தாயிற்று' என்ற குறி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. கடைசியாக யாரிடம் குரலில் பேசினீர்கள் என்று கேட்டேன். கைபேசியின் அழைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்த பிறகே அவரால் சொல்ல முடிந்தது: கடன் அட்டை வேண்டுமா என்று கேட்ட ஒரு விற்பனை அழைப்பு.

இத்தகைய நிலையில் குடும்பத்தார் முதலில் கைபேசியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாற்று ஏதுமின்றி இருக்கிற ஒரே இணைப்பையும் அறுத்துவிட்டால் தனிமைதான் கூடும். படத்திலும் இங்க்ரிட் தாயை இழந்தவள். தாய் விட்டுச்சென்ற அறுபதாயிரம் டாலருக்கும் மேற்பட்ட பணத்தோடு, அடுத்த 'தோழி'யைத் தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறாள். அந்த இழப்பைப் பற்றி அவளிடம் உட்கார்ந்து பேச யாரும் இல்லை. ஆகவே திரைநேரத்தைக் கணக்கிடுவதற்கு முன்னால் துக்கம், உறக்கம், மனச்சோர்வு ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். பிறகு வாரம் ஒருமுறையாவது ஒரே மனிதரோடு நேரில் பேசும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அந்த இளைஞருக்கு அது பழைய கல்லூரித் தோழர் ஒருவரோடு தொடங்கியது.

என்னை மிகவும் கலங்கச் செய்தது படத்தின் முடிவு (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தவிர்த்துவிடலாம்). உயிரை விடப்போவதாகக் காணொளி பதிவிட்ட இங்க்ரிட், மருத்துவமனையில் கண்விழித்து, முகம் தெரியாதவர்கள் குவித்திருக்கும் அன்பைக் கண்டு புன்னகைக்கிறாள். வேதனையின் உச்சத்தில் மட்டுமே கவனம் கிடைக்கும் என்று ஒருவர் கற்றுக்கொள்வது பேராபத்து. அப்படியொரு பதிவைக் கண்டால் இதயக்குறி இட்டு நகர்ந்துவிடாதீர்கள். உடனே அழையுங்கள், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவசர உதவியை வரவழைத்து, அவர்கள் வந்துசேரும்வரை அழைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டே இருங்கள்.