ஐஸ் பெட்டி மீனுக்கு, கைக்கு அல்ல

கையை ஐஸ் பைக்குள் திணித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இன்னொருவர் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறார். முதன்முறையாகக் கடலுக்குத் தூண்டில் போடப் போனவர். தனியாகப் போகவில்லை. அனுபவமுள்ள கைடு, நல்ல படகு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் இருந்திருக்கிறது. அவரைப் படுத்தியெடுத்தது உள்ளங்கை அளவுள்ள ஒரு கடல் கெளுத்தி. "சின்ன மீன்தானே டாக்டர், அதுவும் செத்துப்போச்சுன்னு நினைச்சேன்" என்கிறார். குத்து வாங்கிய நிமிடத்திலிருந்து ஐஸ் வைத்திருக்கிறார். வலி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அப்போதும் ஐஸை எடுக்க அவருக்கு மனமில்லை.

இதே கதையை இதே வசனங்களோடு எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெரிய மீனால் காயப்பட்டு வருகிறவர்கள் குறைவு. பாரையோ சீலாவோ வந்தால் புதியவர்களுக்குத் தானாகவே பயம் வந்துவிடும். ஒதுங்கி நின்று கைடிடம் விட்டுவிடுவார்கள். நாங்கள் பார்ப்பதெல்லாம் யாருக்கும் வேண்டாத சின்ன மீன்கள் செய்த வேலை. "இது வேண்டாம், தூக்கிப் போட்டுடலாம்" என்று கைடு சொல்லி முடிப்பதற்குள், உதவி செய்கிற ஆர்வத்தில் கையை நீட்டிவிடுகிறார்கள்.

கெளுத்திக்கு முள் மூன்று. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. பயந்தால் மூன்றையும் விரித்துப் பூட்டிக்கொள்ளும். நீங்கள் அழுத்தினால் மடங்காது. விளிம்பில் ரம்பப் பல் இருப்பதால் உள்ளே போகும்போது ஒரு கிழி, வெளியே வரும்போது இன்னொரு கிழி. முள்ளைப் போர்த்தியிருக்கும் தோலில் நஞ்சு இருக்கிறது. ஓரா மீனுக்கு முதுகிலும் வயிற்றிலும் வரிசையாக முள். பாறைப் பகுதியில் தூண்டில் போட்டால் தேள் மீனும் வரலாம், சிங்க மீனும் வரலாம். அழகாக இருக்கிறதே என்று தொட வேண்டாம்.

இப்போது "செத்த மீன் குத்தாது" என்கிற அந்த நம்பிக்கைக்கு வருகிறேன். பாம்பு கடிப்பதுபோல மீன் உங்களைக் குறிபார்த்து நஞ்சைச் செலுத்துகிறது என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. அப்படியெல்லாம் இல்லை. முள் உங்கள் தோலுக்குள் போகும்போது அதன் மேலுறை கிழிகிறது, நஞ்சு காயத்தில் கலக்கிறது, அவ்வளவுதான். இதில் மீனின் விருப்பத்துக்கோ உயிருக்கோ வேலையே இல்லை. படகுத் தளத்தில் அசையாமல் கிடக்கும் கெளுத்தியை மிதித்தாலும் குத்தும். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாலும் குத்தும். மறுநாள் சமையலறையில் கழுவும்போதும் குத்தும். கடலுக்கே போகாமல், பிடித்து வந்தவர் கொடுத்த மீனைக் கழுவியதற்காக எங்களிடம் வந்தவர்களும் உண்டு. மீன் செத்துவிட்டதா என்று பார்க்காதீர்கள்; முள் இருக்கிறதா என்று பாருங்கள். படகில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், விரல் தெரியும் செருப்பும் வேண்டாம்.

அடுத்தது ஐஸ். கணுக்கால் சுளுக்கினால் ஐஸ் வைக்கச் சொல்லி எல்லோருக்கும் பாடம் ஆகிவிட்டது. வீக்கம் என்றால் ஐஸ், வலி என்றால் ஐஸ். படகில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெட்டி நிறைய ஐஸ் வேறு இருக்கிறது. ஆனால் மீன் முள் குத்து சுளுக்கு அல்ல. இந்த நஞ்சுகள் பெரும்பாலும் புரதங்கள், சூட்டில் சிதையக்கூடியவை. குளிர்ச்சி அவற்றை ஒன்றும் செய்வதில்லை. பலருக்கு வலியைக் கூட்டவே செய்கிறது. இங்கே முதலுதவி வெந்நீர்தான்.

வெந்நீர் என்றால் கொதிநீர் அல்ல. இதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குத்துக்கு மருத்துவம் பார்க்கப் போய் தோல் வெந்து வந்தவர்களுக்கும் நாங்கள் கட்டுப் போட்டிருக்கிறோம். பொறுத்துக்கொள்ளக்கூடிய சூடு, அதிகபட்சம் 45 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் காயம் படாத கையை விட்டுப் பாருங்கள். கூட இருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதை நம்பாதீர்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போயிருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். குத்திய இடம் முழுவதும் மூழ்கட்டும். 30 முதல் 90 நிமிடம் வரை வைக்கலாம். தண்ணீர் ஆற ஆறச் சூடான நீரைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சேர்க்கும்போது காயப்பட்ட கையை வெளியே எடுத்துவிட்டுச் சேருங்கள். பலருக்கு வலி கண்ணெதிரே இறங்கும். ஊசி மருந்துக்குக் கூட அடங்காத வலி ஒரு வாளித் தண்ணீரில் அடங்குவதைப் பார்த்துப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

நடுக்கடலில் வெந்நீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஒரு நல்ல பிளாஸ்க்கில் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். தேநீருக்குப் பிளாஸ்க் எடுத்துப் போகிறவர்கள் இதற்கும் ஒன்று எடுத்துப் போகலாம், தப்பில்லை. அவசரத்துக்கு அவுட்போர்டு இன்ஜினைக் குளிர்வித்து வெளியேறும் தண்ணீரைக் கூடப் பிடித்துக்கொள்ளலாம், சூட்டைச் சோதித்துவிட்டு. நல்ல கைடுகளுக்கு இது தெரியும்.

வெந்நீரில் வைப்பதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு எங்களிடம் வந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், அப்போது விலையைச் சொல்லி வருத்தப்படாதீர்கள். காயத்தைக் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், மணிக்கட்டில் கயிறு கட்டாதீர்கள், டீசல் ஊற்றாதீர்கள். ஆமாம், டீசலும் பார்த்தாகிவிட்டது.

திருக்கை வந்தால் கதையே வேறு. அதன் முள் வாலில் இருக்கிறது. வாலைச் சுழற்றி அடிக்கும். அதைப் படகுக்குள் தூக்கிப் படம் எடுக்க ஆசைப்படாமல், தூண்டில் நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, அறுத்து விட்டுவிடச் சொல்லுங்கள். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் ஏறி நின்றால் பிடுங்கவே கூடாது. அப்படியே அசையாமல் வைத்துக் கரைக்கு விரைய வேண்டும். விலங்குகளோடு வாழ்ந்து பழகிய ஸ்டீவ் இர்வின் 2006-இல் இறந்தது திருக்கை முள் மார்பில் பாய்ந்துதான்.

வலி போனதும் பலர் கதை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முள்ளின் நுனி உடைந்து உள்ளேயே தங்கியிருக்கலாம். எக்ஸ்ரேயில் எல்லா முள்ளும் தெரியாது. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பது பெரும்பாலானவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை. இவற்றைவிட என்னைப் பயமுறுத்துவது விப்ரியோ. வெதுவெதுப்பான கடல் நீரிலும் உப்பங்கழியிலும் வாழும் பாக்டீரியா. கல்லீரல் நோய் உள்ளவர்கள், அதிகம் குடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோரை இது மோசமாகத் தாக்கும். காலையில் சிவப்பாக இருந்த இடம் மாலைக்குள் கறுத்துக் கொப்புளம் கட்டலாம். சிவப்பு பரவுகிறது, காய்ச்சல் வருகிறது, காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி இருக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "இது கடலில் பட்ட காயம்" என்று சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் உட்பட பலரும் கேட்க மறக்கும் கேள்வி அது. பதிலைப் பொறுத்து ஆன்டிபயாடிக்கே மாறும். சில வாரம் கழித்து அதே விரலில் ஆறாத கட்டி ஒன்று முளைத்தாலும் அந்தப் பழைய மீனைப் பற்றிச் சொல்லுங்கள்.

தூண்டில் முள் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பவர் இல்லாத சாதாரணக் கண்ணாடி கூடப் போதும். தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்கித் தரும்படி கைடிடம் கேளுங்கள். மீன் ஒன்றிரண்டு தப்பும், தப்பட்டும். நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கவே இழுக்காதீர்கள். பின்னல் நரம்பு இறுகினால் விரலை எலும்பு வரை அறுக்கும். மும்முனைத் தூண்டில் முள்ளின் ஒரு முனை விரலிலும் இன்னொரு முனை துள்ளும் மீனிலும் மாட்டியிருந்தால் முதலில் மீனை அடக்கிப் பிரித்தெடுக்க வேண்டும், விரலைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். கண்ணிலோ கண் ஓரத்திலோ மாட்டினால் யாரும் தொடக் கூடாது. தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு, ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணில் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டி, நேராகக் கண் மருத்துவரிடம்.

கடல் நோய்க்கு வருவோம். "தலை சுற்றினால் போட்டுக்கலாம்னு மாத்திரையைப் பையில் வச்சிருந்தேன்." இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குத் தலை சுற்றுகிறது. குமட்டல் தொடங்கிய பிறகு வயிறு வேலையை நிறுத்திவிடுகிறது. விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் சேருவதற்குள் கடலுக்குப் போய்விடும். டைமென்ஹைட்ரினேட், சின்னாரிசின் போன்றவற்றைப் படகு கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், மதுவோடு சேரவே கூடாது. கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். தலை சுற்றத் தொடங்கினால் போனைப் பார்க்காதீர்கள், கேபினுக்குள் போய்ப் படுக்காதீர்கள். நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். வாந்தி வந்தால் காற்று போகிற பக்கமாக, உட்கார்ந்தபடி, யாராவது பிடித்துக்கொள்ள. தனியாகப் போய் ஓரத்தில் குனிந்து நிற்கிறவர்தான் தண்ணீரில் விழுகிறார். லைஃப் ஜாக்கெட்டை உட்காரும் மெத்தையாக வைத்திருக்கும் நீச்சல் வீரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இதிலெல்லாம் ஒரு சின்ன வேண்டுகோள். கைடு முன்னால் தெரியாதவராகக் காட்டிக்கொள்ள வெட்கப்படாதீர்கள். அவர் உங்கள் மனதைப் படிக்க முடியாது. நீச்சல் தெரியாது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன், இன்சுலின் போடுகிறேன், இதுதான் முதல் தடவை: ஏறும்போதே சொல்லிவிடுங்கள். எந்த மீன் வந்தாலும் "தொடலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டதற்காகச் சலித்துக்கொள்கிற கைடு என்றால் அடுத்த முறை வேறு ஆளைப் பாருங்கள்.

சரி, ஐஸ் எதற்கு? மீனுக்கு. சூரையும் கானாங்கெளுத்தியும் பிடித்துவிட்டு, படம் எடுப்பதற்காக வெயிலில் வரிசையாக அடுக்கி வைக்கிறார்களே, அந்த நேரத்தில் மீன் சதையில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்கிற வேதிப்பொருளை உண்டாக்குகிறது. அந்த மீனைச் சாப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். "வருஷக்கணக்கா இதே மீன் சாப்பிடுறேன், எனக்கு எப்படி அலர்ஜி வரும்?" என்று கேட்பார்கள். அலர்ஜியே இல்லை, மீனை வெயிலில் விட்டதன் பலன். எவ்வளவு வேகவைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. கையில் குத்திய நஞ்சுக்குக் கைகொடுக்கும் சூடு இங்கே உதவாது. மீன் ஏறியதும் ஐஸில் புதையுங்கள், படம் அப்புறம்.

பேத்தை மீனின் நஞ்சும் அப்படித்தான், சமைத்தால் போகாது; அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. வயிற்றை உப்பிக் காட்டுகிற அந்த மீனைச் சிரித்துவிட்டுக் கடலிலேயே விட்டுவிடுங்கள், குழந்தைகளுக்குக் காட்டக்கூட வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். எந்த மீன் என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டு உதடும் நாக்கும் மரத்துப்போனால், மூச்சுத் தசைகள் முடங்குவதற்குள் மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். மீந்த மீன் இருந்தால் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்கள், தலையோடு இருந்தால் இன்னும் நல்லது.