தொலைவு இருமை: சொல் விளக்கம்

அண்டவியலில் ஒரு விண்மீன் மண்டலத்துக்கு (கேலக்ஸி) ஒரே தொலைவு கிடையாது. அதன் வெளிச்சம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதிலிருந்து கணக்கிடுவது ஒளிர்வுத் தொலைவு. வானில் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதிலிருந்து பெறுவது கோண விட்டத் தொலைவு. இவ்விரண்டையும் பிணைக்கும் விதிதான் தொலைவு இருமை. செம்பெயர்ச்சியுடன் (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்னும் விகிதம்) 1ஐக் கூட்டி, வர்க்கமாக்கி, கோண விட்டத் தொலைவால் பெருக்கினால் ஒளிர்வுத் தொலைவு வரவேண்டும். செம்பெயர்ச்சி 0.5 என்றால் 2.25 மடங்கு, 1 என்றால் 4 மடங்கு.

இருமைக்கு ஆங்கிலத்தில் டூயாலிட்டி என்பார்கள்; அதன் வேர் 'இரண்டு' எனப் பொருள்படும் லத்தீன் 'டுவோ'. அலை–துகள் இருமை என்று பாடநூல்களில் பழகிய சொல்லே இங்கும் போதும். 'இரட்டைத் தூரம்' என்று எழுதினால் இருமடங்கு தூரம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். விதியின் மூலம் கணிதவியலாளர் ஐவோர் எதரிங்டன் 1933இல் நிறுவிய பரிமாற்றுத் தேற்றம்: ஒளிமூலமும் பார்ப்பவரும் இடம் மாறினால் அளவுகள் எப்படி மாறும் என்பதை அது சொல்கிறது. ஒளித்துகள்கள் வழியில் தொலையக் கூடாது என்பதையும் சேர்த்தால் தொலைவு இருமை கிடைக்கும்.

அந்த நிபந்தனைதான் சோதிக்கப்படுகிறது. உண்மையான ஒளிர்வு ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும் 1ஏ வகை சூப்பர்நோவாக்கள் (விண்மீன் வெடிப்புகள்) ஒளிர்வுத் தொலைவைத் தரும். விண்மீன் மண்டலங்களின் பரவலில் பதிந்துள்ள, ஏறத்தாழ 150 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) நீளமுள்ள, தொடக்ககால அண்டத்தின் ஒலியலைத் தடம் கோணத் தொலைவைத் தரும். கிட்டத்தட்ட ஒரே செம்பெயர்ச்சியில் இரண்டையும் எடுத்து, விதி சொல்லும் மதிப்போடு ஒப்பிட்டு வரும் விகிதம் ஈட்டா. அது 1ஆக இருக்கவேண்டும். இடையிலுள்ள தூசி 0.2 ஒளியளவு (விண்பொருளின் வெளிச்சத்தை அளக்கும் மேக்னிடியூட் அலகு) மங்கச் செய்தால் ஒளிர்வுத் தொலைவு சுமார் 10 சதவீதம் கூடுதலாகத் தெரியும். ஈட்டாவும் அதே அளவு ஏறும்.

விண்மீன் மண்டலக் கொத்துகளின் எக்ஸ் கதிரையும் சன்யாயெவ்–செல்டோவிச் விளைவையும் (பெருவெடிப்பின் மிச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியில் கொத்தின் சூடான வாயு ஏற்படுத்தும் மாற்றம்) இணைத்தும் கோணத் தொலைவு பெறலாம். ஆனால் கொத்து உருண்டை என்று கொள்வது ஆபத்து: நம் பார்வைத் திசையில் நீண்டிருந்தால் தொலைவு மிகையாக வரும். போதாததற்கு, எக்ஸ் கதிர்க் கணக்குக்குள்ளேயே இந்த விதி ஏற்கெனவே புகுந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்காமல் சோதித்தால் அது சோதனையே அல்ல.

அளவுதிருத்தத்தில் இன்னும் கவனம் வேண்டும். சூப்பர்நோவாவைச் செஃபீடு விண்மீன்களாலும் (துடிப்புக் காலத்திலிருந்து உண்மை ஒளிர்வு தெரியும் விண்மீன்கள்), ஒலியலைத் தடத்தை அண்ட நுண்ணலைப் பின்னணியாலும் திருத்தினால், அண்டம் விரியும் வேகத்தைக் குறிக்கும் ஹப்பிள் மாறிலியில் இவ்விரு வழிகளும் தரும் 73–67 முரண் (மெகாபார்செக்குக்கு நொடிக்கு கிலோமீட்டரில்) அப்படியே ஈட்டாவில் வந்து உட்காரும். எல்லாச் செம்பெயர்ச்சியிலும் ஒரே அளவு விலகல் தெரிந்தால் முதலில் திருத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். செம்பெயர்ச்சி சுழியை நெருங்கும்போது ஈட்டா 1ஐத் தொட்டே ஆகவேண்டும். செம்பெயர்ச்சியோடு கூடவே வளரும் விலகலைத்தான் விதிமீறலுக்கான தடயமாகக் கொள்ளலாம், அதுவும் தூசியைக் கழித்த பிறகு.