தொடரில் 12 மணி நேரம், நம் காலில் பல ஆண்டுகள்

பூஞ்சை ஒன்று மனிதர்களைப் பீடித்து உலகத்தைச் சிதைத்த பிறகு எஞ்சியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லும் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்ற காணொளி விளையாட்டு 2013-இல் வெளிவந்தது. அதன் இயக்குநர்களில் ஒருவரான நீல் ட்ரக்மேனும் கிரெய்க் மேசினும் சேர்ந்து 2023 ஜனவரியில் அதை எச்பிஓ தொலைக்காட்சித் தொடராக்கியபோது ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தார்கள். விளையாட்டில் காற்றில் மிதக்கும் வித்துத்தூளாலும் நோய் பரவும். தொடரின் முதல் பருவத்தில் தூளுக்குப் பதிலாக, நோயுற்றவரின் வாயிலிருந்தும் மண்ணுக்கடியிலும் நீளும் இழைகள் வந்தன. காற்றில் தூள் இருந்தால் எல்லோரும் எப்போதும் முகமூடி அணிந்திருக்க வேண்டும், நடிகர்களின் முகம் தெரியாது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. நாடகத்துக்காகச் செய்த மாற்றம்தான் என்றாலும், இராமநாதபுரம் கடலோரத்தில் தோல் நோய்களுக்கு மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, அது பூஞ்சையின் மெய்யான இயல்புக்கு ஒரு படி நெருங்கியதாகவே தோன்றுகிறது. பூஞ்சைகள் பலவும் உடலுக்குள் இழையாகத்தான் வளர்கின்றன.

தொடரைக் கைபேசியில் பார்த்துவிட்டு, காளான் சாப்பிடலாமா, எறும்பு கடித்தால் வருமா என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. கதைக்கு வித்தான ஓஃபியோகார்டிசெப்ஸ், எறும்பை இலை நரம்பைக் கவ்விச் சாகச் செய்து, அதன் தலையிலிருந்து முளைக்கும் பூஞ்சை. அது பூச்சிகளோடு நிற்கிறது. மனித உடலின் 37 டிகிரி செல்சியஸ் சூடு பெரும்பாலான பூஞ்சைகளுக்கு ஒவ்வாது. ஆனால் விளையாட்டில் இல்லாமல் தொடரில் புதிதாகச் சேர்த்த முதல் காட்சியில், 1968-இல் நடக்கும் உரையாடல் ஒன்றில், உலகம் சற்றே சூடேறினால் பூஞ்சைகளும் சூட்டுக்குப் பழகிவிடலாம் என்று ஓர் அறிவியலாளர் எச்சரிக்கிறார். இந்தத் தழுவல் சேர்த்தவற்றுள் இதையே மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன். 2009-இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட, மனிதரைத் தாக்கும் கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை பல கண்டங்களில் தலைகாட்டியதற்குப் புவி வெப்பமும் காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோளை ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள்.

தொடர் பிழைபடக் காட்டுவது வேகத்தை. கடிபட்டவருக்கு எவ்வளவு நேரத்தில் நோய் முற்றும் என்று சொல்லும் சுவரொட்டி ஒன்று முதல் அத்தியாயத்தில் தென்படுகிறது: கழுத்திலோ முகத்திலோ கடிபட்டால் 5 முதல் 15 நிமிடம், காலில் கடிபட்டால் 12 முதல் 24 மணி நேரம். திரைக்கு இந்த வேகம் தேவை. நம் பகுதியில் பூஞ்சை காலுக்குள் புகும் கதையோ வேறு. 1840-களில் மதுரையில் பணியாற்றிய மருத்துவர்கள் எழுதிவைத்ததால் உலகம் ‘மதுரா கால்’ என்றே அழைக்கும் நோய் அது; அதை உண்டாக்கும் பூஞ்சை இனமொன்றுக்கு மதுரெல்லா என்ற பெயரும் இந்த மண்ணிலிருந்தே போனது. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர்களுக்கும், செருப்பில்லாமல் ஆடு மேய்ப்பவர்களுக்கும், பனங்காட்டில் நடப்பவர்களுக்கும் முள் குத்துவது அன்றாட நிகழ்வு. முள்ளோடு உள்ளே போகும் மண்கிருமி மாதக்கணக்கில் ஓசையின்றி வளரும். முதலில் ஒரு சிறு கட்டி, அதிலும் பெரும்பாலும் வலி இருக்காது. வலிக்காததால் யாரும் மருத்துவரைத் தேடுவதில்லை. பிறகு பாதம் வீங்கி, துளைகள் விழுந்து, சீழோடு கறுப்பு, வெள்ளை அல்லது மஞ்சள் நிறக் குருணைகள் வெளிவரும். அவை கிருமிகள் திரண்ட கட்டிகள். எலும்பை அரிக்கும்வரை விட்டுவிட்டால் காலையே எடுக்க நேரிடலாம். இதே தோற்றத்தைப் பூஞ்சையும் உண்டாக்கும், ஒருவகைப் பாக்டீரியாவும் உண்டாக்கும்; இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் குருணையைப் பரிசோதிக்காமல் மருத்துவம் தொடங்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

2025-இல் வந்த இரண்டாம் பருவத்தில் வித்துத்தூள் திரும்பி வந்தது. பூஞ்சைகளின் வித்துத்தூளை உண்மையில் நாம் நாள்தோறும் சுவாசிக்கிறோம், பெரும்பாலும் தீங்கின்றி. 2021-இல் கொரோனாவுக்குப் பின் கருப்புப் பூஞ்சை கண்ணையும் மூளையையும் தாக்கியபோது, பலருக்கு வழி திறந்துவிட்டவை கட்டுப்படாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும்தான்.

தொடரில் ஜகார்த்தாவில் நடக்கும் காட்சியில் பூஞ்சையியல் பேராசிரியர் ஒருவர், இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை என்கிறார். தடுப்பூசி பற்றிய கூற்று இன்றும் மெய். மனிதருக்கான பூஞ்சைத் தடுப்பூசி எதுவும் இதுவரை ஒப்புதல் பெறவில்லை. ஆனால் நம்மைத் தாக்கும் பூஞ்சைகளுக்கு மருந்து உண்டு. கையிலிருக்கும் அந்த மருந்தை நாமே வீணாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கவலை. கடலில் நனைந்த கைலியோடு நாள் முழுதும் வலை இழுப்பவருக்கும், ஈரத்துணியோடு பாசி எடுக்கும் பெண்ணுக்கும் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை வருகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், பூஞ்சையோ அடியில் பரவும். பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு அறிவித்தும் இந்தப் பழக்கம் ஓயவில்லை. டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கு அடங்காத ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்ற பூஞ்சை இந்தியாவில் பெருகி, இன்று பல நாடுகளிலும் காணப்படுகிறது.

வீட்டில் இருக்கும் களிம்புக் குழாயை எடுத்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுப் பெயர்களில் ஒன்று அதில் இருந்தால் படர்தாமரைக்கு அதைப் பூசாதீர்கள்; ஏற்கெனவே பூசியிருந்தால் குழாயையும் கையோடு கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். எத்தனை வாரம் பூசினீர்கள் என்று தெரிந்தால்தான், தோலைச் சுரண்டி எடுக்கும் பரிசோதனையின் முடிவைச் சரியாகப் படிக்க முடியும்.