எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும் என்று காத்திருக்கிறீர்களா?

போன வாரம் 17 வயதுப் பையனை அழைத்து வந்தார்கள். மேல்தாடை குறுகி, அண்ணம் கூடாரம் மாதிரி உயர்ந்து, கோரைப்பற்கள் இடமில்லாமல் ஈறின் மேலேறி நிற்கின்றன. இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்றால், வழக்கமான பதில்தான்: "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும்னு வீட்ல சொன்னாங்க டாக்டர்." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பல் முளைப்பது வேறு, தாடை வளர்வது வேறு. இடம் இல்லாத தாடையில் எத்தனை பல் முளைத்தாலும் நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்கும். அண்ணம் ஒரே எலும்பு அல்ல. இடமும் வலமும் நடுவில் சேர்கின்றன. சிறு வயதில் அந்த இணைப்பு இறுகியிருக்காது. 8 முதல் 12 வயதுக்குள் வந்தால் எக்ஸ்பேண்டர், அதாவது அண்ணத்தை மெல்ல விரிக்கும் கருவி, பொருத்திவிடுவோம். வீட்டில் அம்மாவே சாவி போட்டுத் திருப்பலாம், ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். (உடனே பதறிப்போய் போன் வரும். எலும்பு விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.) திருப்பி முடித்ததும் கழற்றச் சொல்லாதீர்கள், புது எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகும்.

17 வயதில் இணைப்பு பெரும்பாலும் இறுகியிருக்கும். சாதாரண எக்ஸ்பேண்டர் பல்லைச் சாய்க்குமே தவிர எலும்பை விரிக்காது. அப்புறம் எலும்பிலேயே பதிக்கும் சின்னத் திருகுகள் (மினி ஸ்க்ரூ), சிலருக்கு அறுவை சிகிச்சை.

நெரிசலாக இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் சீக்கிரமே கிளிப் போடச் சொல்லவில்லை. லேசானதென்றால் நாங்களே காத்திருக்கச் சொல்வோம். ஆனால் அதை வாயைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்; பக்கத்து வீட்டு மாமி சொல்லக் கூடாது.

7 வயதில் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கினால், குறட்டை விட்டால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் போங்கள், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். 4 வயதுக்கு மேலும் விரல் சூப்பினால் வேப்பெண்ணெய் தடவி மிரட்டாதீர்கள், பாவம். பேசி நிறுத்தப் பாருங்கள், முடியாவிட்டால் அழைத்து வாருங்கள். 6 வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைக்காது. அதைப் பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடாதீர்கள்.

கிளிப் கழற்றியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பெரிய பிள்ளைகளே, பல்லை நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரும். ஹோட்டலில் கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைத்து, இலையோடு எறிந்துவிட்டு வராதீர்கள். டப்பாவில் போடுங்கள். வெந்நீரில் மட்டும் கழுவாதீர்கள், வளைந்துவிடும்.